கரிசல் மண்ணின் உண்மைக் கதைக்காரர் கு. அழகிரிசாமி

மலர்க் குழுவினர் வழக்கம்போல மலரும் நினைவுகள் எழுதித் தரச் சொன்னார்கள். விடுதிச் சாம்பார், கடைசி பெஞ்சு, கிரிக்கெட் மேட்ச், பாஸ் பண்ண வைத்த பேராசிரியர் என்று இவற்றைப் பற்றி இந்த மலரிலேயே குறைந்தது பத்து பேராவது எழுதியிருப்பார்கள். பதினோராவது ஆளாக நானும் வரிசையில் நிற்க வேண்டாமே என்று, நம் வட்டாரத்துக்குப் பக்கத்தில் பிறந்த ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன். பெயர் கு. அழகிரிசாமி. இலக்கிய மாணவர்களுக்குத் தெரிந்த பெயர்தான். காமர்ஸ், கெமிஸ்ட்ரி படித்த நண்பர்களும் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

காரணம் இருக்கிறது. எங்கள் நாரணாபுரத்திலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் படிக்க வருகிற பிள்ளைகளில் எழுத ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் எழுதிக் கொண்டு வந்து காட்டினால் நிலா இருக்கும், நதி இருக்கும், கடற்கரையில் கைகோத்து நடக்கிற காதலர்கள் இருப்பார்கள். நாரணாபுரத்தில் ஏது நதி? நம்ம ஊரைப் பற்றி எழுதலாமே என்றால், இங்கே எழுத என்ன சார் இருக்கு என்று சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பட்டாசு ஆபீஸ், பிரஸ், வேலிக்கருவை, தண்ணி லாரி, இதையெல்லாமா எழுத முடியும் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. அந்தப் பிள்ளைகளுக்கு நீட்டி முழக்கிப் பதில் சொல்வதைவிட இந்த மனிதரின் வாழ்க்கையைச் சொல்வது நல்லது என்று தோன்றிற்று.

சிவகாசியிலிருந்து சாத்தூர், அங்கேயிருந்து கோவில்பட்டி, கோவில்பட்டியைத் தாண்டித் திருநெல்வேலி ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் இடைசெவல். அந்தக் காலத்தில் திருநெல்வேலி ஜில்லா, இப்போது தூத்துக்குடி மாவட்டம். மண் மட்டும் நம்ம மண்ணேதான். மழை பெய்தால் காலைக் கவ்வும், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசல். பருத்தி, கம்பு, சோளம். மற்றபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இந்த ஊரில் 1923 செப்டம்பர் 23-இல் குருசாமி, தாயம்மாள் தம்பதிக்கு மூத்த மகனாகப் பிறந்தார் அழகிரிசாமி. நம்ம அய்யநாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து சிவகாசியில் தொடங்கியதும் அதே 1923-இல்தான். ஒரே மண்ணில், ஒரே வருஷத்தில், விவசாயத்தை நம்ப முடியாத ஜனங்களுக்கு ஒரு பக்கம் தீப்பெட்டி வந்தது. இன்னொரு பக்கம் அந்த ஜனங்களைப் பற்றி எழுத ஒரு ஆள் வந்தார்.

வீட்டில் பேச்சு தெலுங்கு. குலத்தொழில் ஆசாரி வேலை. அப்பாவுக்குப் பின்னால் பட்டறையில் உட்கார்ந்திருக்க வேண்டியவர்தான். சின்ன வயதில் கையில் ஏற்பட்ட ஊனத்தால் அது முடியாமல் போய், படிக்க அனுப்பினார்கள். கோவில்பட்டியில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தார். காலேஜ் வாசலை மிதித்தவர் அல்லர். அதற்குமேல் படித்ததெல்லாம் தானாகத் தேடிப் படித்தது: கம்பராமாயணம், தனிப்பாடல்கள், ருஷ்யக் கதைகள். செகாவ் என்றால் அவருக்கு உயிர்.

இடைசெவலில் இன்னொரு பையனும் இருந்தார். ஏறத்தாழ ஒத்த வயது. பிற்காலத்தில் கி.ரா. என்று தமிழ்நாடே அழைத்த கி. ராஜநாராயணன்தான் அவர். ஒருவர் ஆசாரி வீட்டுப் பிள்ளை, மற்றவர் சம்சாரி வீட்டுப் பிள்ளை. இருவருக்கும் சங்கீதப் பைத்தியம். விளாத்திகுளம் சாமிகள் என்ற இசைமேதையிடம் போய்ப் பாட்டுக் கேட்பதும், ஊருக்குத் திரும்பி ராகத்தைப் பற்றி விடிய விடியப் பேசுவதுமாக இருந்திருக்கிறார்கள். காருகுறிச்சி அருணாசலத்தின் நாதசுரத்திலும் இருவரும் சொக்கிக் கிடந்தவர்கள். கம்பங்கஞ்சி குடிக்கிற கிராமத்தில் தோடியும் கல்யாணியும் எப்படி நுழைந்தது என்று யோசிக்கிறவர்கள் கிராமத்தைச் சரியாகப் பார்க்காதவர்கள் என்பேன்.

படிப்பு முடிந்ததும் கொஞ்ச நாள் வாத்தியார் வேலை. பிறகு சார்பதிவாளர் ஆபீஸில் குமாஸ்தா. சர்க்கார் உத்தியோகம்! அந்தக் காலத்தில் கரிசல் காட்டு வீட்டில் ஒரு பையனுக்குச் சர்க்கார் உத்தியோகம் கிடைத்தால் குலசாமிக்குக் கிடா வெட்டுவார்கள். அதை விட்டுவிட்டு, 1940-களின் தொடக்கத்தில், பத்திரிகையில் எழுதப் போகிறேன் என்று மெட்ராசுக்கு வண்டி ஏறினார். அவருடைய முதல் கதை 'உறக்கம் கொள்ளுமா?' வெளிவந்த 'ஆனந்த போதினி'யிலேயே உதவியாசிரியர் வேலை கிடைத்தது. பெற்றோர் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இன்றைக்கு நம்ம வீட்டில் ஒரு பையன் பேங்க் வேலையை விட்டுவிட்டு வந்து கதை எழுதப்போறேன் என்றால் நாம் என்ன செய்வோம்?

அதற்குப் பிறகு அவர் வாழ்க்கை ஒரு பத்திரிகையிலிருந்து இன்னொரு பத்திரிகைக்கு மாறிக்கொண்டே இருந்தது. நாரண துரைக்கண்ணனின் 'பிரசண்ட விகடன்', பிறகு 'தமிழ்மணி', பிறகு வை. கோவிந்தன் நடத்திய 'சக்தி'. சக்தியில் தி.ஜ.ர., தொ.மு.சி. ரகுநாதன் போன்றவர்களோடு பழக்கம். பெயர்களைக் கேட்டால் பெருமையாக இருக்கிறது. சம்பளத்தைக் கேட்டால் அப்படி இருக்காது. தமிழ்ப் பத்திரிகையில் வேலை பார்த்துக் குடித்தனம் நடத்துவது அந்தக் காலத்தில் கயிற்று மேல் நடக்கிற வித்தை.

சரி, அப்படி வேலையை விட்டுப் போய் எழுதிய மனிதர் எதை எழுதினார்? இங்கேதான் மாணவத் தம்பிமாரும் தங்கைமாரும் கவனிக்க வேண்டும். மெட்ராசில் உட்கார்ந்துகொண்டு அவர் மெட்ராசுக்குப் பிடித்ததை எழுதவில்லை. ராஜா ராணிக் கதைகளுக்கும் தொடர்கதைகளுக்கும் ஜனங்கள் க்யூவில் நின்ற காலம் அது. இவர் இடைசெவலில் அரைக்கால் சட்டையோடு திரிகிற பிள்ளைகளைப் பற்றி எழுதினார்.

'ராஜா வந்திருக்கிறார்' என்ற கதையை எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக் கதை. வருஷம் முழுக்கத் தீபாவளிக்காகவே மருந்து கலந்து, திரி வைத்து, சரம் பின்னுகிற நாம் படிக்க வேண்டிய கதை. பணக்கார வீட்டுப் பையன் ராமசாமிக்குச் சில்க் சட்டை. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் கிடையாது. ஆனாலும் போட்டி போட்டுக்கொண்டு பெருமை பேசுவதில் குறைச்சல் இல்லை. தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி அந்த ஏழைக் குடிசைப் பக்கம் ஒரு அநாதைப் பையன் வந்து நிற்கிறான். உடம்பெல்லாம் சிரங்கு. அவனுக்குப் பெயர் ராஜா! அந்த வீட்டுத் தாய் அவனுக்கும் சோறு போட்டு, விடிந்ததும் தன் பிள்ளைகளோடு அவனையும் குளிப்பாட்டி, புருஷனுக்கென்று வாங்கி வைத்திருந்த துண்டை அவனுக்குக் கட்டிவிடுகிறாள். ராமசாமி வீட்டிலோ தீபாவளிக்கு மாப்பிள்ளையாக ஜமீன் வீட்டு ராஜா வந்திருக்கிறார். அந்தப் பவிசு பேசப்படும்போது, இந்த வீட்டுச் சிறுமி மங்கம்மாள் கொஞ்சமும் தயங்காமல் தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதாகச் சொல்கிறாள். அவ்வளவுதான் கதை.

கதையில் வருகிற தாயின் பெயர் தாயம்மாள். எழுதியவரின் தாய்க்கும் அதே பெயர் என்பதை மேலே பார்த்தோம். இதற்குமேல் நான் விளக்கப்போவதில்லை.

இந்தக் கதையில் தர்மத்தைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்வதில்லை. ஏழைகள் எல்லாரும் தெய்வங்கள் என்றும் சொல்லவில்லை. பையனின் சிரங்கை மறைக்கவில்லை; அந்தத் துண்டைத் தவிர அந்த வீட்டில் கொடுப்பதற்கு வேறு துணி கிடையாது என்பதையும் மறைக்கவில்லை. உண்மையாக எழுதுவது என்றால் பெரிய ரகசியங்களை அம்பலப்படுத்துவது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அழகிரிசாமிக்கு அது, ஒரு துண்டின் விலை அந்த வீட்டில் என்ன என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதாக இருந்தது.

'அன்பளிப்பு' இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதில் கதை சொல்கிறவர் பட்டணத்துப் பத்திரிகை ஆபீஸில் வேலை பார்க்கிறவர். கிட்டத்தட்ட அழகிரிசாமியேதான் என்று வைத்துக்கொள்ளலாம். அக்கம்பக்கத்துக் குழந்தைகளெல்லாம் அவரிடம் உயிராக இருக்கிறார்கள். புது வருஷத்துக்கு இரண்டு குழந்தைகளுக்கு டைரி கொண்டுவந்து, அன்பளிப்பு என்று எழுதிக் கொடுக்கிறார். சாரங்கன் என்ற பையனுக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பையன் கோபித்துக்கொள்ளவில்லை, அழவில்லை. பிறகொரு நாள் அவரை வற்புறுத்தித் தன் வீட்டுக்கு அழைத்துப் போய் உபசரித்து, தானே ஒரு டைரியை எடுத்து நீட்டி, தன் பெயருக்கு அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான்.

சிவகாசிக்காரர்களுக்கு டைரி என்பது ஒரு சரக்கு. எத்தனை ரிம் பேப்பர், எத்தனை கலர், எந்த பைண்டிங், எந்தத் தேதிக்குள் லாரி ஏற்ற வேண்டும் என்பதுதான் நமக்குத் தெரியும். அந்த டைரி ஒரு பிள்ளையின் கைக்குப் போகும்போது என்ன ஆகிறது என்று நமக்குச் சொன்னவர் இடைசெவல்காரர். அதிலும் பாருங்கள், குழந்தைகளிடம் அன்பாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்த கதைசொல்லியே அந்தப் பிள்ளையின் மனசைக் கவனிக்கவில்லை என்பதுதான் கதை. நல்லவன் என்று தன்னைப் பற்றி எழுதிக்கொள்வது சுலபம். எந்த மலரைப் புரட்டினாலும் தெரியும், இந்த மலர் உட்பட. தன்னைப் போன்ற ஒருவனைக் கூண்டில் ஏற்றி, அதையும் சத்தம் போடாமல் செய்வதற்கு வேறு மாதிரி நெஞ்சுரம் வேண்டும்.

அவர் கதைகள் எல்லாமே இப்படி இதமானவை என்று நினைத்துவிடக்கூடாது. 'திரிபுரம்' என்று ஒரு கதை. பஞ்சத்தில் ஊரைவிட்டுக் கிளம்புகிற ஒரு தாயும் மகளும். பசி எங்கே கொண்டுபோய் நிறுத்துமோ அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது. தாயே மகளை விலைக்கு விடுகிற இடம். கதையின் கடைசியில் அந்தப் பெண் சிரிக்கிறாள். சிவபெருமான் சிரித்துத் திரிபுரத்தை எரித்த கதை நமக்கெல்லாம் தெரியும். இந்தச் சிரிப்பு எதை எரித்தது என்பதைப் படிக்கிறவர்தான் சொல்ல வேண்டும். 'இருவர் கண்ட ஒரே கனவு' கதையில், தாயை இழந்த இரண்டு சின்னஞ்சிறு பையன்கள் ஒரே ராத்திரியில் ஒரே கனவு காண்கிறார்கள். அம்மா வந்து சேலையைப் போர்த்திவிட்டுப் போவதாக. நான் இந்தக் கதையை வகுப்பில் வாசிக்கச் சொல்லமாட்டேன். வாசிக்கிறவர் பாதியில் நிறுத்திவிடுவார்.

பசியைப் பற்றி இவ்வளவு எழுதியவர், பசியை வைத்துப் பேர் வாங்கலாம் என்று நினைத்ததாகத் தெரியவில்லை. பழம்பெருமை பேசுகிற ஒரு மனிதர் வயிற்றுப் பசியோடு சாப்பாட்டுக் கடை வாசலில் கடனுக்குக் காத்துக் கிடப்பதை 'சுயரூபம்' கதையில் எழுதியிருக்கிறார். அதில் சிரிப்பும் வருகிறது, சிரித்ததற்காகக் கூச்சமும் வருகிறது. ஊர்க்காரர்களைப் புகழ்ந்தால் ஊரில் மரியாதை, திட்டினால் பட்டணத்தில் மரியாதை. இவர் இரண்டையும் செய்யவில்லை.

இந்த இடத்தில் நம்ம பக்கத்துக்கு வருகிறேன். நம் வட்டாரத்தைப் பற்றி யார் எழுதினாலும் இரண்டே மாதிரிதான் எழுதுகிறார்கள். ஒன்று, குட்டி ஜப்பான், உழைப்பால் உயர்ந்த ஊர். மற்றது, விபத்து நடந்த மறுநாள் பேப்பர். 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் நாற்பது பேருக்கு நெருக்கமாகச் செத்துப்போனார்கள். டிவிக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். இந்த இரண்டு மாதிரிக்கும் நடுவில்தான் நம்ம ஜனங்கள் வருஷம் முன்னூற்றுச் சொச்சம் நாள் உயிர் வாழ்கிறார்கள். தீப்பெட்டி ஆபீஸ் பஸ் இருட்டோடு வந்து நின்ற காலம், கட்டை அடுக்கியே தன் பள்ளிக்கூட நோட்டுக்குக் காசு சேர்த்த அக்காமார், மருந்து அறைக்குப் போகிற மனுஷன் வீட்டில் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்புகிற பழக்கம், மழை பெய்தால் விவசாயி சிரிக்க, பட்டாசு காயப்போட்ட ஆள் வானத்தைத் திட்டுவது... இதெல்லாம் யார் எழுதுவது? முதலாளி அண்ணாச்சியும் இதில் மனுஷர்தான், போர்மேனும் மனுஷர்தான், சரம் பின்னுகிற பாட்டியும் மனுஷிதான். ஒருத்தரை ராட்சசனாகவும் ஒருத்தரைத் தெய்வமாகவும் ஆக்காமல் எழுத முடியுமா என்றால், அழகிரிசாமி எழுதிக் காட்டியிருக்கிறார், நம்ம வீட்டிலிருந்து இரண்டு மணி நேர பஸ் தூரத்தில்.

'குமாரபுரம் ஸ்டேஷன்' படித்துப் பாருங்கள். கோவில்பட்டிக்குப் பக்கத்தில், சுற்றிலும் காடாகக் கிடக்கிற ஒரு சின்ன ரயில் நிலையம். இங்கே ஒரு ஸ்டேஷன் எதற்கு என்றுதான் யாருக்கும் தோன்றும். அங்கே ரயிலேறி, பெரிய பள்ளிக்கூடத்தில் சேரப் பரீட்சை எழுதப் போகிற கிராமத்துப் பையன்களை வைத்து அந்த ஸ்டேஷன் எதற்கு என்று காட்டிவிடுகிறார். நம் கல்லூரியில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள், அதாவது நம்மில் பெரும்பாலோர், அந்த ரயிலில்தான் வந்தோம்.

கதையை விட்டு வாழ்க்கைக்குத் திரும்புவோம். 1950-களின் தொடக்கத்தில் மலேயாவுக்குக் கப்பலேறினார். கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் வேலை. அங்கே எழுத வந்த இளைஞர்களுக்குக் கதை என்றால் என்ன என்று உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். மலேசியத் தமிழ் எழுத்தின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் இவர் பெயரைச் சொல்லாமல் தாண்ட முடியாது. 1955-இல் அங்கேயே கல்யாணம். 1957-இல் திரும்பி வந்தார். அங்கேயே தங்கியிருந்தால் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கலாம். வந்த பிறகு 'நவசக்தி'யில் வேலை பார்த்தார். அப்புறம் அதுவும் போயிற்று.

நாவல், நாடகம், கட்டுரை, கார்க்கியின் மொழிபெயர்ப்பு என்று வேறு பலவும் எழுதினார். கம்பராமாயணப் பதிப்பு வேலையிலும் ஈடுபட்டார். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தைப் பாடபேதம் பார்த்துப் பதிப்பித்தார். எஸ்.எஸ்.எல்.சி. படித்தவர் செய்த வேலை என்று யாரும் சொல்ல முடியாது.

இவ்வளவுக்கும் நடுவில் கடிதங்கள். மெட்ராசிலிருந்தும் மலேயாவிலிருந்தும் இடைசெவலில் இருக்கும் சிநேகிதருக்கு எழுதிக்கொண்டே இருந்தார். படித்த புத்தகம், கேட்ட பாட்டு, ஊர் ஞாபகம், கைச்செலவுக்கில்லாத கஷ்டம், எல்லாம் அதில் இருக்கும். பிரசுரத்துக்காக எழுதியவை அல்ல. ஒரு சிநேகிதனுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று எழுதியவை. பின்னாளில் அவை புத்தகமாக வந்தபோது பார்த்தால், கதையில் இருக்கிற அதே குரல்தான் கடிதத்திலும். கதைக்கு என்று தனியாக ஒரு வேஷம் அவர் வைத்துக்கொள்ளவில்லை. எழுதப் பழகுகிற மாணவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான்: கவிதைப் போட்டிக்கு முன்னால் ஊரில் இருக்கிற சிநேகிதனுக்கு நாலு பக்கம் கடிதம் எழுதிப் பழகுங்கள். போனில் பேசினால் வராத விஷயம் நாலாவது பக்கத்தில் வரும்.

அந்தக் கடிதங்களை வாங்கிப் படித்துக்கொண்டு, பதில் எழுதிக்கொண்டு, சம்சாரித்தனம் பார்த்துக்கொண்டிருந்த கி.ரா., முப்பத்தைந்து வயதைத் தொட்ட பிறகுதான் கதை எழுதத் தொடங்கினார்.

அழகிரிசாமியின் உடம்பு சீக்கிரமே தளர்ந்துவிட்டது. 1970-இல் 'சோவியத் நாடு' பத்திரிகையில் வேலை கிடைத்தது. கொஞ்சம் நிம்மதியாக மூச்சுவிடக்கூடிய வேலை. அந்த வருஷமே, ஜூலை 5-இல் காலமானார். வயது 46. அதே 1970-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது 'அன்பளிப்பு' தொகுப்புக்குக் கிடைத்தது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

அவருடைய சிறுகதைகள் முழுவதும் இப்போது ஒரே தொகுப்பாகக் கிடைக்கின்றன. நூறு கதைக்குக் குறையாது. கையில் எடுத்தால் கனமாகத்தான் இருக்கும். 'ராஜா வந்திருக்கிறார்' படிக்க அரை மணி நேரம் போதும்.

கி.ரா. அதற்குப் பிறகு ஐம்பது வருஷத்துக்கு மேல் இருந்து, 2021 மே 17-இல் புதுச்சேரியில் காலமானார். கடைசிவரைக்கும் இடைசெவலைப் பற்றித்தான் எழுதினார். அழகிரிசாமியைப் பற்றிப் பேச்செடுத்தால், பக்கத்து வீட்டில் இருக்கிற ஆளைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசுவார்.